பழைய காசுக்குப் பத்து லட்சமா? டப்பாவில் இருப்பது புதையலா, பொறியா?

திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் தண்ணீருக்குள் சில்லறை கிடக்கும். வேண்டுதலுக்குப் போட்டது, பூவோடு சேர்ந்து விழுந்தது, பாலத்தில் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக வீசியது என்று எல்லாம் கலந்திருக்கும். முங்கி எடுக்கிற பையன்கள் ஒரு பக்கம், கயிற்றில் காந்தம் கட்டி இழுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். டெல்டாவில் ஆற்றங்கரை ஊர்களில் வளர்ந்த பலருக்கும் முதல் காசுச் சேமிப்பு இப்படித்தான் ஆரம்பித்திருக்கும். பிறகு ஒரு பிஸ்கட் டப்பா. அதில் அஞ்சு பைசா, பத்து பைசா, தாத்தா கொடுத்த ஓட்டைக் காலணா, சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா தந்த ஒரு சென்ட்.

அந்த டப்பா இப்போது பரணிலிருந்து கீழே இறங்குகிறது. காரணம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வீடியோ: "இந்த அஞ்சு ரூபாய் காயின் உங்ககிட்ட இருக்கா? நீங்கதான் லட்சாதிபதி!" ஊரில் இருக்கும் அம்மா, சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்கு போன் போடுகிறார்: "ஏம்ப்பா, நம்ம வீட்ல இதே மாதிரி ஒண்ணு இருக்கே, வித்துடலாமா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடந்து போக முடியாது. அம்மா அடுத்ததாக அழைக்கப்போவது அந்த வீடியோவுக்குக் கீழே இருக்கும் எண்ணைத்தான். அங்கே போகும் பணம் திரும்பி வருவது கஷ்டம்.

அரிய காசுக் கதை புதுசா?

இல்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு கதை இருந்திருக்கிறது. 1968 முதல் 1971 வரை மஞ்சள் நிறத்தில் தாமரை போட்ட 20 பைசா வந்தது. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று நம்பிப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. உண்மையில் அது செம்போடு கொஞ்சம் அலுமினியமும் நிக்கலும் சேர்ந்த கலவை. தங்கம் துளிகூடக் கிடையாது.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி ஒரு கதை இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அந்நாட்டின் ஒரு சென்ட் காசு, துத்தநாகம் பூசிய எஃகில் அச்சானது. அந்த ஆண்டு போட்ட செம்புக் காசு ஒன்றைக் கொண்டுவந்தால் ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருவார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. 1947இல் டான் லூட்ஸ் என்ற 16 வயதுப் பையனுக்கு, பள்ளிக்கூட கேன்டீனில் வாங்கிய மீதிச் சில்லறையில் அப்படி ஒரு காசு கிடைத்தது. விசாரித்தான். கார் கதை பொய் என்று தெரிந்தது. அப்படிச் செம்புக் காசே அடிக்கவில்லை என்றது அரசுத் தரப்பு. அவர் அதை விற்காமல் சுமார் எழுபது வருஷம் வைத்திருந்தார். 2019 ஜனவரியில் ஏலத்தில் அது 2,04,000 டாலருக்குப் போனது.

ஆக, கார் கதை பொய், காசு நிஜம். செம்புத் தகடு தவறுதலாக அச்சு இயந்திரத்தில் மாட்டியதால் பிறந்த விரல்விட்டு எண்ணக்கூடிய காசுகளில் அதுவும் ஒன்று. இப்படி எப்போதாவது ஒரு கதை உண்மையாகிவிடுவதால்தான் மற்ற ஆயிரம் பொய்க் கதைகளும் உயிரோடு இருக்கின்றன.

நம் ஓட்டைக் காலணாவும் அதே 1943இல் பிறந்ததுதான். போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு, 1947 வரை அடித்தார்கள். ஆனால் அதைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். அதனால் இன்றைக்கும் அது சுலபமாகக் கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும்.

அப்போ பழசு என்றால் விலை இல்லையா?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். வயது வேறு, விலை வேறு. இதைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு வேறு உதாரணமே தேவையில்லை. ராஜராஜ சோழனின் செப்புக் காசு ஆயிரம் வருஷப் பழசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர். பெரிய கோயிலைக் கட்டியவர் பெயர் பொறித்த காசு என்றால் கோடி போகும் என்றுதான் தோன்றும். ஆனால் சாதாரண நிலையில் இருக்கும் ஒரு செப்புக் காசு, நாணய வியாபாரிகளிடம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரு கிலோ திருவையாறு அசோகா அல்வாவின் விலையை ஒட்டித்தான் அதன் விலையும் இருக்கும்.

ஏன்? சோழ நாட்டிலும் இலங்கையிலும் அந்த வகைக் காசு ஏராளமாகப் புழங்கியது, ஏராளமாகவே மிஞ்சியும் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் விலை பேசும்போது மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள். இன்று எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் விலை ஏறும். வயது, சாமி படம், ராசி எண் எல்லாம் இந்தக் கணக்கில் பின்னால்தான் வரும்.

வீடியோவில் வரும் காசுகளின் உண்மை நிலவரம்

வைஷ்ணவ தேவி காசு: மாதா வைஷ்ணவ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012இல் 5 ரூபாய், 10 ரூபாய் மதிப்பில் புழக்கத்துக்கு வந்தது. பத்து லட்சம் என்று வீடியோக்கள் சொல்வது இதைத்தான். இது சாதாரண நினைவு நாணயம், கடையில் கொடுத்தால் பத்து ரூபாய்க்குச் செல்லும்.

தஞ்சைப் பெரிய கோயில் காசு: கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் 5 ரூபாய் நாணயமும், இந்தியாவின் முதல் 1,000 ரூபாய் நாணயமும் வெளியாயின. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1,000 ரூபாய் நாணயம், சேகரிப்பாளர்கள் பணம் கட்டி வாங்குவதற்காக வெள்ளி சேர்த்து அடித்தது. 5 ரூபாய் காசு புழக்கத்துக்கு விட்டது. தஞ்சாவூர்க்காரர்கள் பாசமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், லட்சம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

டிராக்டர் நோட்டு, 786 எண்: டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டு இன்னும் செல்லும். 786 என்று முடியும் நோட்டுக்கு ஆசைப்பட்டு யாராவது கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அதைத் தாண்டிப் பெரிய சந்தை எதுவும் இல்லை.

ராமர் பட்டாபிஷேகம், அனுமன் போட்ட '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' காசு: இது நாணயமே அல்ல. கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் என்ற சட்டம் வந்ததே 1835இல். சாமி படமும் 1717, 1818 போன்ற ஆண்டுகளும் கம்பெனி பெயரும் சேர்ந்து வரும் காசுகள், பின்னாளில் யாரோ அடித்து விற்ற கற்பனைச் சரக்கு. பூஜை அறையில் இருப்பதில் தப்பில்லை, ஏலத்தில் அதற்கு இடமில்லை.

அரிசியை இழுக்கும் காசு

நெல் விளையும் சீமையில் இந்தக் கதைக்குத் தனி மவுசு. 'ரைஸ் புல்லிங்' என்று பெயர். பழைய செப்புக் காசிலோ கலசத்திலோ இடி விழுந்து 'இரிடியம்' சக்தி ஏறிவிட்டதாம். பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் காசு அதை இழுக்குமாம். வெளிநாட்டு விண்வெளி நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கத் தயாராம். நேரில் செய்தும் காட்டுவார்கள், அரிசி நிஜமாகவே போய் ஒட்டும்.

அதன் ரகசியம் ஆற்றங்கரைப் பையனுக்கே தெரியும். காந்தத்தில் ஒட்டுவது எஃகுக் காசும் நிக்கல் காசும்தான். செம்பு ஒட்டாது, வெள்ளி ஒட்டாது, அலுமினியம் ஒட்டாது. அரிசி எதிலும் ஒட்டாது. இரிடியமும் அரிசியை இழுக்காது. ஒட்டுகிறது என்றால் அரிசியில் இரும்புத்தூள் பூசியிருக்கிறார்கள், காசுக்குள்ளோ அடியிலோ காந்தம் இருக்கிறது, அவ்வளவுதான். 2018இல் டெல்லியில் இதே கதையைச் சொல்லி, நாசாவுக்கு விற்கப்போவதாக ஒரு தொழிலதிபரிடம் 1.43 கோடி ரூபாய் வாங்கியதாகத் தந்தையும் மகனும் கைதானார்கள். தமிழ்நாட்டிலும் இரிடியம், ரைஸ் புல்லிங் பெயரில் போலீஸ் பதிவு செய்த வழக்குகள் ஏராளம். ஏமாந்தவர்களில் படித்தவர்களும் பணக்காரர்களும் இருக்கிறார்கள். ஆசைக்குப் பட்டம் தெரியாது.

பணம் எப்படிப் பறிபோகிறது?

வழக்கமாக நடப்பது இது. வீடியோவில் உள்ள எண்ணுக்குக் காசின் போட்டோவை அனுப்புகிறார் ஒருவர். அரை மணி நேரத்தில் போன் வரும்: "அம்மா, உங்க காயின் செலக்ட் ஆயிடுச்சு. பன்னெண்டு லட்சம் ஃபிக்ஸ் பண்ணியிருக்கோம். ரிஜிஸ்ட்ரேஷன் சார்ஜ் மட்டும் அனுப்பிடுங்க." முதல் தொகை சின்னதாக, ஆயிரத்துக்குள் இருக்கும். கட்டியதும் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு 'சான்றிதழ்' வரும். அடுத்து ஜிஎஸ்டி, பிறகு இன்சூரன்ஸ், பிறகு 'பணம் எடுத்துக்கிட்டு ஆள் கிளம்பிட்டார், வழியில செக்போஸ்ட்ல பிடிச்சுட்டாங்க' என்று ஒரு கதை. ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் மேலும் மேலும் கட்டுவார்கள். பொறியின் பலமே அந்தப் பயம்தான்.

2021இல் பெங்களூரில் ஒரு பெண், 1947ஆம் ஆண்டு நாணயம் ஒன்றைப் பத்து லட்சத்துக்கு விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். ஒரு கோடி தருவதாக ஒருவர் பேச்சுக் கொடுத்தார். கடைசியில் அந்தப் பெண் தன் கையிலிருந்து சுமார் ஒரு லட்சத்தை இழந்ததாகச் செய்தி வந்தது. அந்த ஆண்டு ரூபாய் நாணயம் நிக்கலில் கோடிக்கணக்கில் அச்சானது. காந்தத்தை வைத்தால் ஒட்டும், அதில் வெள்ளி இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளிப்படையாகவே எச்சரித்தது. தன் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்திப் பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் பணம் கேட்கிறார்கள். இந்த வியாபாரத்தில் வங்கி ஈடுபடுவதே இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்பதே அதன் சாரம்.

ஒரே ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தால் போதும். பொருளை வாங்க வருபவர்தான் பணம் தருவார். விற்பவரிடம் பணம் கேட்கிற ஆள் வாங்க வந்தவரே அல்ல.

எந்தக் காசுக்கு நிஜமாகவே மதிப்பு?

பாட்டியின் பெட்டியில் முதலில் தேட வேண்டியது வெள்ளி. விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜின் ஆரம்ப ஆண்டுகள் வரை வந்த ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை. அதில் கிட்டத்தட்ட 92 சதவீதம் வெள்ளி. 1940இலிருந்து அது பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. 1969இல் வந்த காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. இவற்றுக்குக் குறைந்தபட்சம் அன்றைய வெள்ளி விலையாவது உண்டு. நகைக்கடைத் தராசிலேயே தெரிந்துவிடும்.

அதற்கு மேல் விலை போவது அபூர்வமான ஆண்டுகளும் அச்சுப் பிழைகளும். 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் லட்சங்களில் பேசப்படும் நிஜமான அரிய காசு. அதனாலேயே 1938இல் உள்ள எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய போலிகளும் சந்தையில் உண்டு. 1911இன் 'பன்றி ரூபாய்' கதையும் கேட்க வேண்டியது. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை, பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு வந்ததால் அரசு வெளியீட்டை நிறுத்தி, இருந்ததை உருக்கியது. ஆனால் அதற்குள் சுமார் ஏழு லட்சம் காசுகள் வெளியே போய்விட்டன. கதை பெரிசு, காசு அவ்வளவு அபூர்வம் இல்லை.

ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள சின்னக் குறியையும் பார்க்கலாம். பொதுவாக வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டில் ஒரு ஆலையில் கோடிக்கணக்கிலும் இன்னொன்றில் குறைவாகவும் அடித்திருப்பார்கள். சேகரிப்பாளர்கள் தேடுவது இந்த மாதிரி வித்தியாசங்களைத்தான்.

இன்னொன்று: புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. குத்துவிளக்குக்கு நல்லது, காசுக்கு ஆகாது. பளபளப்பு வரும், விலை போகும். விலை தெரிந்துகொள்ள, விளம்பரத்தில் கேட்கும் தொகையைப் பார்ப்பதில் பயனில்லை, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஏல நிறுவனங்களில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும். அல்லது நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிக்கு நேரில் போய் இரண்டு மூன்று பேரிடம் காட்டலாம். பார்த்துச் சொல்ல அவர்கள் பெரும்பாலும் காசு கேட்பதில்லை.

ஆற்றிலோ வயலிலோ கிடைத்தால்?

உழும்போது கலப்பையில் மாட்டுவது, மணலில் தட்டுப்படுவது டெல்டாவில் நடக்கிறதுதான். தரங்கம்பாடிக் கடற்கரையில் 1620 முதல் 1845 வரை அங்கே இருந்த டேனிஷ்காரர்களின் காசுகள் இன்றும் ஒதுங்குவதுண்டு. கரூர் அமராவதி ஆற்று மணலில் சங்க காலக் காசுகள் கிடைத்திருக்கின்றன. 'பெருவழுதி' என்று தமிழ் எழுத்து பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு, சங்க கால மன்னர்கள் காசு வெளியிட்டதை ஆய்வுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. ஒரு சின்ன செப்புத் துண்டு வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தையே மாற்றியது.

எனவே மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைப்பதை விற்க ஆள் தேடக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 'ஃபாரின் பார்ட்டி வாங்குறாங்க' என்று பேசுகிறவர், பொய் சொல்கிறார் அல்லது குற்றத்துக்குக் கூப்பிடுகிறார்.

செல்லும் காசு எது, செல்லாக்காசு எது?

ஒரு பக்கம் செல்லும் காசை லட்சத்துக்கு விற்கப் பார்க்கிறோம். இன்னொரு பக்கம் செல்லும் காசையே கடையில் வாங்க மறுக்கிறோம். நாலணா உட்பட 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாதவை ஆயின. எட்டணா, அதாவது 50 பைசா, சட்டப்படி இன்றும் செல்லும். 10 ரூபாய் நாணயத்தில் வெளிவந்திருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆனாலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் 'இது செல்லாதுங்க' என்ற பதில் எளிதில் ஓயவில்லை. ஒரு வதந்தி இல்லாத மதிப்பைக் காசுக்கு ஏற்றுகிறது, இன்னொன்று இருக்கிற மதிப்பைப் பறிக்கிறது. இரண்டிலும் நஷ்டம் சாதாரண ஜனங்களுக்குத்தான்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மோசடிக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. ஐந்து ரூபாய் காசுக்கு ஐந்து லட்சம் என்று விளம்பரம் வந்தால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் விற்பனைத் தளங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. புகார் வந்த எண்கள் உள்ள வீடியோக்களை நீக்காமல் விளம்பர வருமானம் பார்க்கும் தளங்களுக்கும் இருக்கிறது. கிளிக் வாங்குவதற்காக 'இந்த நோட்டு இருந்தால் நீங்களும் லட்சாதிபதி' என்று தலைப்பு வைக்கும் செய்தித் தளங்களுக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. செய்தியில் வந்துவிட்டதே என்ற நம்பிக்கையில்தான் பலரும் அந்த எண்ணை அழைக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கையும் கிராமத்துப் போனுக்கு வந்து சேரும் வடிவத்தில், தமிழில், அடிக்கடி வர வேண்டும். அந்த வீடியோ போய்ச் சேரும் வேகத்தில் ஒரு பத்திரிகைக் குறிப்பு போய்ச் சேராது.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய தவறு. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில் பெரியவர்கள் இரண்டு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஆகவே 'உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை' என்று பிள்ளைகள் பேச்சை முடிப்பதைவிட, போட்டோவை வாங்கிப் பார்த்து, வெள்ளியா நிக்கலா, எந்த ஆண்டு, எந்த ஆலை என்று பத்து நிமிஷம் பேசலாம். காசு பற்றி அவர்களுக்குத் தெரிந்த கதையும் அப்போதுதான் வெளியே வரும்.

சேகரிப்பு நல்ல பழக்கம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைக்கு அணா கணக்கு ஏன் 1957 ஏப்ரலில் நூறு பைசாக் கணக்காக மாறியது, போர் வந்தால் காசில் ஏன் ஓட்டை விழுகிறது, வெள்ளி ஏன் நிக்கல் ஆனது என்று ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தே சொல்லிக்கொடுத்துவிடலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்று தனிக் கூடமே இருக்கிறது, விடுமுறையில் கூட்டிப்போகலாம். அந்த டப்பாவில் இருக்கும் காசுகளை எல்லாம் விற்றால் அநேகமாக சில நூறு ரூபாய்தான் தேறும். விற்காமல் வைத்திருந்தால் யாருக்கும் எந்தக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை.